கடைமடை மாணவர்

காவிரி நாட்டு உழவர் வழங்கும் சொற்களுள் கடைமடை என்பது ஒன்று. கல்லணையில் பிரியும் ஆறு கிளையாறாகிறது, கிளையாறு வாய்க்காலாகிறது, வாய்க்கால் கன்னி வாய்க்காலாகி, வரப்புகளின் இடையே புகுந்து, கடலை அடுத்த நிலத்தில் சென்று முடிகிறது. அவ்வாறு முடியும் இடத்து வயலே கடைமடை. குறுவைப் பயிருக்காக மேட்டூர் அணையைச் சூன் திங்கள் 12ஆம் நாள் திறப்பது மரபு. அணை திறந்த செய்தி கேட்டதும் தஞ்சையைச் சூழ்ந்த ஊர்கள் களிப்பில் ஆழும். ஆயினும் நாகப்பட்டினத்தின் பக்கத்திலும் வேதாரணியத்தின் பக்கத்திலும் வாழும் உழவர் அன்றே ஏர் பூட்டிவிட மாட்டார். அணையில் எவ்வளவு நீர் திறந்தார்கள் என்பது அவர் வினா அன்று. நம் மடைக்கு எப்போது வரும் என்பதே அவர் வினா. தலைமடையில் நீர் கரைபுரண்டு ஓடியும் கடைமடையில் நிலம் வெடித்துக் கிடந்த ஆண்டுகள் உண்டு.

கல்லூரி வகுப்பும் இத்தகையதே. ஆசிரியர் மேடைமீது நின்று ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றுகிறார். சொல் வளம் உண்டு. பொருள் வளமும் உண்டு. முன் வரிசையில் அமர்ந்த நால்வர் ஐவர் தலையசைக்கின்றனர்; இடையிடையே வினவுகின்றனர்; வினவியதற்கு விடையும் கூறுகின்றனர். ஆசிரியர் மனம் மகிழ்ந்து, "எல்லார்க்கும் விளங்கிற்றா?" என்று கேட்கிறார். வகுப்பு வாளாவிருக்கிறது. வாளாமை உடன்பாட்டிற்கு அறிகுறி என்று கொண்டு அவர் அடுத்த பகுதிக்குச் செல்கிறார். பின் வரிசையில் இருந்த அறுபது பேருக்கு விளங்கிற்றோ இல்லையோ, அதனை அவர் அறிவது திங்கள் பல கழிந்து தேர்வுத் தாளைத் திருத்தும்பொழுதுதான். அறுவடை நாளில் வயலைப் பார்த்து, "இங்கே நீரே வரவில்லை போலும்!" என்று வியக்கும் உழவனை ஊரார் என்ன சொல்வர்?

பின் வரிசையில் வாய் திறவாது இருப்போர் யாவர் என்பதையும் கருத வேண்டும். கும்பகோணம் அரசினர் கல்லூரி 1854இல் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. தஞ்சையில் மன்னர் சரபோசியின் பெயரால் அமைந்த அரசினர் கல்லூரி 1955இலும், பூண்டிப் புட்பம் கல்லூரி 1956இலும் எழுந்தன. அக்காலத்தில் கல்லூரி வாயிலை மிதித்தோர் பெரும்பாலும் நிலமும் கல்வியும் உடைய குடியினரின் மக்கள். இன்று நிலைமை மாறியுள்ளது. நடவு நடும் தாயின் மகளும், களத்து மேட்டில் நெல் தூற்றும் தந்தையின் மகனும் அதே வாயிலில் நுழைகின்றனர். அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் உயர்கல்வி பெறும்பொருட்டுத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கிற்று. இவர்கள் வந்து அமர்வதற்கு இடம் கிடைத்துவிட்டது. வாய் திறந்து வினவுவதற்குத் துணிவு கிடைத்துவிட்டதா? பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலே பயின்ற ஒருத்தி, ஆங்கிலத்தில் நிகழும் விரிவுரையின் நடுவே எழுந்து நின்று, "ஐயா, இது விளங்கவில்லை" என்று எந்த மொழியில் சொல்வாள்? எழுந்தால் எழுபது முகங்கள் திரும்பிப் பார்க்கும். சொல் தடுமாறினால் சிரிப்பொலி எழும். ஆதலின் அவள் குனிந்து ஏட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். அவள் அடக்கமுடையவள் என்று ஆசிரியர் பாராட்டவும் கூடும்.

இக்குறையை நீக்க மேலை நாட்டுக் கல்லூரிகள் ஒரு கருவியைக் கையாண்டு வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி அது. அதன்மேல் சில பொத்தான்கள். மக்கள் அதனைக் கிளிக்கர் என்பர். ஆசிரியர் ஒரு வினாவையும் மூன்று அல்லது நான்கு விடைகளையும் திரையில் காட்டுவார். மாணவர் ஒவ்வொருவரும் தாம் சரியெனக் கருதும் விடைக்குரிய பொத்தானை அழுத்துவர். கம்பியின்றிச் செல்லும் குறிப்பை ஆசிரியரின் கணினி வாங்கிக்கொண்டு, முதல் விடைக்கு எத்தனை பேர், இரண்டாம் விடைக்கு எத்தனை பேர் என்று திரையில் கட்டங்களாக வரைந்து காட்டும். யார் எதனை அழுத்தினார் என்பது அருகில் இருப்போர்க்குத் தெரியாது. நூறு பேர் கொண்ட வகுப்பில் நூறு பேரும் ஒரு நொடியில் விடை கூறிவிடுகின்றனர், ஒருவரும் நாணவில்லை. இக்காலத்தில் தனிக் கருவியும் வேண்டா. கைப்பேசியே அப்பணியைச் செய்துவிடும்.

இதனைக் கேட்டவுடன், கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் வகுப்பு உயிர்பெற்றுவிடும் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பிழை. இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. 1960களிலேயே அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் சிலவற்றில் இருக்கைதோறும் பொத்தான்களைப் பதித்துக் கம்பியால் பிணைத்தனர். பெரும்பொருள் செலவாயிற்று. மாணவர் அதனை விரும்பவும் செய்தனர். ஆனால் அக்கால ஆய்வுகளை எல்லாம் ஒருங்கே திரட்டி நோக்கிய யட்சன், சவாடா என்னும் இருவர், அவற்றால் மாணவர் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று 2002இல் எழுதினர். காரணம் என்ன? ஆசிரியர் பழையபடியே விரிவுரை ஆற்றினார், இடையில் பொத்தானை அழுத்தச் சொன்னார், எண்ணிக்கையைப் பார்த்தார், மீண்டும் விரிவுரையைத் தொடர்ந்தார். கடைமடைக்கு நீர் வரவில்லை என்று அளவுகோல் காட்டியது. ஆயினும் மதகைத் திருப்புவார் எவரும் இல்லை.

கருவிக்கு உயிர் ஊட்டியவர் ஆர்வர்டு பல்கலைக் கழகத்து இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசூர். அவர் நல்ல ஆசிரியர் என்று பெயர் பெற்றவர். அவர் மாணவர் கடினமான கணக்குகளை எல்லாம் வாய்பாட்டின் துணையால் செய்து முடித்தனர். ஒருநாள் அவர் விசையைப் பற்றிய எளிய வினாக்கள் சிலவற்றைக் கொடுத்தார். பாரவண்டி ஒன்றும் சிறு மகிழுந்து ஒன்றும் மோதினால் எது எதன்மேல் மிகுதியான விசையைச் செலுத்தும் என்பது போன்றவை அவ்வினாக்கள். இரண்டும் ஒரே அளவு விசையையே செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. ஆயினும் மாணவருட் பலர் தடுமாறினர். அவருள் ஒருத்தி, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, நான் இயல்பாக எண்ணுகிறபடி எழுதவா என்று கேட்டாளாம். கற்பித்தது வேறு, எண்ணுவது வேறு! இரண்டும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று தீண்டாமல் ஆண்டுக்கணக்காக இருந்திருக்கின்றன. இதைக்காட்டிலும் ஓர் ஆசிரியரின் நெஞ்சைச் சுடும் சொல் வேறு இராது.

1991ஆம் ஆண்டு முதல் மேசூர் தம் முறையை மாற்றினார். சிறிது நேரம் விளக்கம். பின் ஒரு வினா. மாணவர் முதலில் தனியே எண்ணி விடையைக் குறிக்க வேண்டும். தொடக்கத்தில் கை உயர்த்தியும் அட்டைகளைக் காட்டியும் குறித்தனர்; கருவி பின்னரே வந்தது. விடைகளின் எண்ணிக்கையை ஆசிரியர் தாம் மட்டும் பார்ப்பார். நூற்றுக்கு 70 பேருக்கு மேல் சரியாகச் சொன்னால் சிறு விளக்கத்தோடு மேலே செல்லலாம். 30 பேருக்கும் குறைவென்றால் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும். இடைப்பட்ட அளவானால், "உங்கள் பக்கத்தில் வேறு விடை சொன்னவரைக் கண்டு, உங்கள் விடையே சரி என்று அவரை உடன்படச் செய்யுங்கள்" என்பார். வகுப்பில் ஆரவாரம் எழும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மீண்டும் விடை குறிப்பர். சரியான விடை கூறுவோர் தொகை பெரும்பாலும் உயர்ந்துவிடும். நேற்று விளங்கிக்கொண்டவனுக்குத் தான் எங்கே இடறினான் என்பது இன்னும் நினைவில் இருக்கும். இருபது ஆண்டுக்குமுன் விளங்கிக்கொண்ட ஆசிரியர்க்கு அது மறந்துபோயிருக்கும். தோழன் சொல் விரைந்து சென்று பதிவதற்கு இதுவே காரணம்.

நல்ல வினா எத்தகையது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மன்னார்குடியில் அரித்திராநதி என்னும் பெருங்குளம் உள்ளது. அதில் ஒருவன் படகில் இருக்கிறான். படகில் ஒரு பெரிய கருங்கல்லும் இருக்கிறது. அவன் அக்கல்லைத் தூக்கிக் குளத்து நீருக்குள் போட்டுவிடுகிறான். குளத்தின் நீர்மட்டம் உயருமா, தாழுமா, மாறாதிருக்குமா? இவ்வினாவுக்கு வாய்பாட்டை ஒப்பித்து விடை கூற இயலாது. "கல் நீருக்குள் விழுந்ததே, மட்டம் உயரத்தானே வேண்டும்" என்று ஒருவன் சொல்வான். "முன்பும் கல்லைக் குளம்தானே சுமந்தது? ஆகவே மாறாது" என்பான் மற்றொருவன். மூன்றாமவள் சற்றே எண்ணி, "படகில் இருக்கும்போது கல் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கியது, நீருக்குள் மூழ்கிய பின் தன் பருமன் அளவு நீரை மட்டுமே விலக்குகிறது. கல் நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே இப்போது விலக்கும் நீர் குறைவு, மட்டம் தாழும்" என்பாள். அவள் சொல்வதே சரி. ஆனால் அவள் சொல்லைக் கேட்டு மற்ற இருவரும் வாதிட்டு, மறுத்து, இறுதியில் "ஆம்" என்று ஒப்புக்கொள்ளும் அந்த மூன்று நிமிடத்தில்தான் ஆர்க்கிமிடீசு கூறிய தத்துவம் அவர்களுக்குச் சொந்தமாகிறது.

இம்முறை மேலை நாட்டார் புதிதாகக் கண்டது என்று நம்மவர் வியக்கின்றனர். தமிழ் இலக்கணம் பயின்றோர் அவ்வாறு வியக்கமாட்டார். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூலை இயற்றினார். அந்நூலின் பொதுப்பாயிரம், கற்பிக்கும் ஆசிரியர் இயல்பையும் கற்கும் மாணவர் இயல்பையும் விரித்துரைப்பது. மாணவன் ஓவியப் பாவைபோல அடங்கி அமர்ந்து, செவியால் பருகி, நெஞ்சில் நிறைத்தல் வேண்டும் என்பது அதன்கண் ஒரு பகுதி. பேசாதிருப்பதே நல்ல மாணவனுக்கு அழகு என்று சாதிப்போர் இவ்வொரு பகுதியையே எடுத்துக்காட்டுவர். அதே பாயிரம் அவ்விடத்தே நின்றுவிடவில்லை. கேட்டதை மீண்டும் எண்ணிப் பார்த்தல், ஐயங்களை வினாவுதல், பிறர் வினாவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியவற்றையும் மாணவன் கடமையாக வகுக்கிறது. அதற்கும் மேலே சென்று ஒரு கணக்கும் தருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். விரிவுரை மட்டும் நிகழும் வகுப்பு, இக்கணக்கின்படி, முக்காற்பங்கை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆசிரியரையும் பவணந்தியார் விடவில்லை. கற்பிக்கத் தகுதியற்ற ஆசிரியனுக்கு அவர் கூறும் உவமைகளுள் ஒன்று கழற்காய் பெய்த குடம். ஒவ்வொன்றாக இட்ட காய்கள், குடத்தைக் கவிழ்த்தால் முறை மாறி உருண்டு வந்து விழும். தாம் கற்ற முறையில் அன்றி, கைக்கு வந்தபடி கொட்டிச் செல்லும் ஆசிரியர் அக்குடத்தை ஒப்பர். கருவி வந்தாலும் வாராவிட்டாலும் இக்குடங்கள் நம் கல்லூரிகளை விட்டுப் போவதாகத் தோன்றவில்லை.

நன்னூல் கூறும் நெறி ஏட்டளவில் நின்றதன்று. காவிரிக் கரையில் கைக்கொள்ளப்பட்டது. உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடுத்து மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் பாடம் கேட்டார். உடன் பயின்றாரோடு சேர்ந்து பாடத்தை ஆராய்ந்தார். 1876இல் பிள்ளை மறைந்த பின்னர், ஆதீனத்து மடத்தில் இளையவர்க்குத் தாமே பாடம் சொன்னார். கேட்டல், பயிலுதல், உரைத்தல் என்னும் மூன்று பங்கும் அவரிடத்தே நிறைந்தன. திண்ணைப் பள்ளியிலும் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆந்துரூ பெல் என்னும் இசுகாட்லாந்தியர், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். மதராசு முறை என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. இவற்றைச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும்போது மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. அத்திண்ணைகளில் ஏற இயலாத குழந்தைகள் தஞ்சை வயல்வெளியெங்கும் இருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே இன்று பின் வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்போருள் பலர். பழைய முறையை மீட்பது போதாது. அன்று தள்ளப்பட்டவரும் அதனுள் வருமாறு மீட்க வேண்டும்.

இங்கேதான் கருவியின் தனிச் சிறப்பு விளங்குகிறது. பொத்தானுக்குக் குலம் தெரியாது, ஊர் தெரியாது, ஆங்கில உச்சரிப்பும் தெரியாது. முன் வரிசையில் இருப்பவன் அழுத்தினாலும் பின் வரிசையில் இருப்பவள் அழுத்தினாலும் திரையில் ஒரே அளவுதான் உயரும். அதன்பின் நிகழும் உரையாடலோ, அருகில் இருப்பவரோடு நிகழ்வது; ஆதலின் தாய்மொழியிலே நிகழும். ஆங்கிலத்தில் கேட்ட இயற்பியல் தமிழில் வாதிக்கப்படும். தமிழ் வகுப்பிலும் இதனைச் செய்யலாம். 'மலர்முகம்', 'முகமலர்' என்னும் இரண்டனுள் உருவகம் எது என்று ஆசிரியர் கேட்கட்டும். வகுப்பு இரண்டாகப் பிரியும். மலர்போன்ற முகம் என விரிவதால் முன்னது உவமைத் தொகை. முகமாகிய மலர் என விரிவதால் பின்னது உருவகம். இதனை ஆசிரியர் சொன்னால் ஏட்டில் ஏறும். தோழியோடு வாதிட்டு அறிந்தால் நாவில் ஏறும்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். அவர் கூற்றுக்களும் கேட்கத்தக்கனவே. அறிந்தவன் சொல்வதை அறியாதவன் அப்படியே ஏற்று அழுத்துவான். தொகை உயர்வது அறிவு உயர்ந்ததைக் காட்டாது என்பது ஒரு மறுப்பு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக் கழகத்து மரபியல் வகுப்பில் இதனை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். உரையாடலுக்குப் பின், அதே கருத்தைப் பற்றிய வேறொரு வினாவைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் தனியே விடை குறிக்கச் செய்தனர். அப்போதும் சரியான விடைகள் மிகுந்தன. குழுவில் ஒருவர்க்கும் முதலில் விடை தெரியாதிருந்த இடத்தும் அவர்கள் கலந்து பேசிச் சரியான கருத்தை எட்டியிருந்தனர் என்பதே அவ்வாய்வில் போற்றத்தக்கது. இருளில் இருவர் ஒருவரையொருவர் தடவிக்கொண்டு வாயிலைக் கண்டுபிடித்தது போன்றது அது.

மறைவில் பொத்தானை அழுத்தப் பழகியவன் அவையில் பேச அஞ்சுவான் என்பது மற்றொரு மறுப்பு. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. அவை அஞ்சாமைக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். ஆனால் நீச்சல் அறியாத சிறுவனைக் குடமுருட்டியின் சுழலில் தள்ளுவார் எவரும் இலர். முதலில் படித்துறையில் நிறுத்துவர். பின் இடுப்பளவு நீரில் விடுவர். பின்னரே ஆற்றின் நடுவே விடுவர். முதலில் மறைவில் ஒரு விடை. பின் அருகில் இருப்பவரோடு ஒரு வாதம். அதன்பின் வகுப்பு முழுதும் கேட்க ஒரு சொல். திரையில் தன்னைப்போல இருபது பேர் அதே பிழையைச் செய்தனர் என்று கண்டவள், தான் மட்டும் அறியாதவள் அல்லள் என்று உணர்கிறாள். அவ்வுணர்வு வந்த பிறகு எழுந்து நிற்பது அத்துணைக் கடினம் அன்று. ஆயினும் ஆசிரியர் பொத்தானோடு நின்றுவிட்டால் இம்மறுப்பு உண்மையாகிவிடும்.

பாடப்பகுதியை முடிக்க நேரம் போதாது என்பது மூன்றாவது கூற்று. முடிந்தது யாருக்கு என்று கேட்டால் அக்கூற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

செலவைக் கருதி அஞ்ச வேண்டுவதில்லை. பெங்களூரில் உள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தார் 2012இல் ஓர் எளிய வழியை வெளியிட்டனர். ஒவ்வொரு மாணவனுக்கும் குறியீடு அச்சிட்ட ஒரு தாள் அட்டை. அதனை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறானோ அதுவே அவன் விடை. கணினியோடு இணைத்த சிறு ஒளிப்படக் கருவி எல்லா அட்டைகளையும் ஒருங்கே நோக்கிக் கணக்கிட்டுவிடும். பெங்களூர்ப் பள்ளிகள் இரண்டில் அதனை நடத்திப் பார்த்து வெற்றி கண்டனர். மின்கருவிகளை நோக்க அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு குறியீடு மற்றொன்றை ஒவ்வாதாதலின் பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதுவதும் எளிதன்று. இதுவும் இயலாத கல்லூரியில் நான்கு நிறத் தாள்களை மடித்து, மார்போடு சேர்த்து ஆசிரியர்க்கு மட்டும் தெரியுமாறு காட்டச் செய்யலாம். தாளின் விலை தேநீர் ஒரு குவளையின் விலைக்கு மேல் இராது. கைப்பேசி உள்ளதே என்பாரும் உளர். எல்லார் கையிலும் அது இருக்கிறதா, இருந்தாலும் அன்றைய நாளுக்கு இணையம் இருக்கிறதா என்று கேளாமல் அதனை நம்புவது, கடைமடையை மறந்து தலைமடைக்கு மட்டும் கணக்குப் போடுவதே ஆகும்.

கருவிக்கு வரக்கூடிய பெருங்கேடு ஒன்று உண்டு. ஒவ்வொரு பொத்தானுக்கும் உரியவர் பெயரைக் கணினி அறியும். ஆகவே வருகைப் பதிவுக்கு அதனைப் பயன்படுத்தலாம் என்று அலுவலகம் நினைக்கும். விடைகளுக்கு மதிப்பெண் இடலாம் என்று துறை நினைக்கும். மதிப்பெண் புகுந்த அன்றே அச்சமும் புகும். பிழை செய்தால் எண் குறையும் என்று அறிந்த மாணவன், தான் எண்ணுவதைக் காட்டமாட்டான். கெட்டிக்காரன் எதனை அழுத்துகிறான் என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். வராத நண்பனின் கருவியையும் சேர்த்து அழுத்தும் கைகளும் தோன்றும். நீரின் அளவை அறிய நட்ட கோலைப் பிடுங்கி ஆளை அடிப்பது போன்றது அச்செயல். வகுப்பில் குறித்த விடைக்கு மதிப்பெண் இல்லை என்று ஆசிரியர் முதல் நாளே சொல்ல வேண்டும்; சொல்லியபடி நிற்கவும் வேண்டும்.

மாணவர் நாணம் ஒருபுறம் இருக்க, ஆசிரியர்க்கும் ஒரு நாணம் உண்டு. அரைமணி நேரம் அழகாக விளக்கிய பின், எண்பது பேரில் அறுபது பேர் பிழையான விடையைக் குறித்தனர் என்று திரை காட்டுமாயின், அது மாணவர் அறியாமையை மட்டுமா காட்டுகிறது? அக்கட்டத்தை எல்லார் முன்னும் ஏறிட்டுப் பார்த்து, "என் விளக்கம் போதவில்லை, மீண்டும் தொடங்குவோம்" என்று கூறும் நெஞ்சுரம் ஆசிரியர்க்கு வேண்டும். கருவியை விரும்பாத ஆசிரியருள் சிலர் உண்மையில் அஞ்சுவது இதற்கே. வினவப்படுதல் தமக்கு இழுக்கு என்று அவர் எண்ணுகின்றனர்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சாமிநாதையர் 1880 பிப்ரவரியில் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூர்க்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றிற்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் மேலும் வினவினார். கல்லூரியின் தமிழாசிரியர், இல்லை என்றே விடை கூறினார். முதலியார் கொடுத்த படியை வாங்கிவந்து படிக்கத் தொடங்கினார். விளங்காத இடங்கள் மிகப் பல. ஊரில் சிந்தாமணியை மரபாகப் படித்துவந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, ஒரு மாணவனைப்போல அமர்ந்து, தம் ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பகலில் கல்லூரியில் பாடம் சொன்னார். மாலையில் பாடம் கேட்டார். 1887இல் சீவக சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறி வெளிவந்தது.